பின்பாட்டு

ஓரிடத்தில் முதல் ஆளாக இருந்தவன் விலகிப் போய், பிறகு அதே இடத்துக்கு இரண்டாவது ஆளாகத் திரும்பி வருவதைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் இல்லை. விலகிப் போவதற்குச் சொற்கள் நிறைய இருக்கின்றன: துறவு, வனவாசம், ஓய்வு, ராஜினாமா. தோற்ற தலைவனுக்கு மரபு வைத்திருக்கும் வழி இவற்றைவிடக் கடுமையானது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிரை விட்டான், புலவர்கள் பாடினார்கள். அவன் ஊர் திரும்பி, தனக்கு அடுத்துப் பட்டத்துக்கு வந்தவனின் படைக்கு வாள் பழக்கும் வேலையில் அமர்ந்திருந்தால் யார் பாடியிருப்பார்கள்? நம் கற்பனைக்கு அது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை.

எனக்கு அது ஒரு தார்மிகப் பிரச்னையாகப் படுகிறது. அடக்கம், அகந்தை என்ற இரட்டைச் சொற்களுக்குள் இதை அடைத்துவிடுவது வழக்கம். திரும்பி வந்தவனைப் பற்றி ‘எவ்வளவு பெரிய மனசு’ என்பார்கள். அல்லது ‘எழுந்து போகத் தெரியாதவன்’ என்பார்கள். இரண்டும் ஆளின் குணத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள். திரும்பி வந்த பின் அவன் தினமும் செய்ய வேண்டிய வேலை என்ன, அந்த வேலைக்குள் பொய் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

எல்லா உதவியாளர்களையும் பற்றி நான் பேசவில்லை. நான் இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில். இதே மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். அது முடிவதற்கு முன்பே, 1982-ல், அவர் இறந்துவிட்டார். அவருடைய தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். மகன் அந்த வானாய்வகத்தின் இரவுகளில்தான் வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். முதல் இடத்தை வகிக்காதவர்கள் செய்யும் இந்த உதவியில் அலுப்பு இருக்கலாம், மனக்கசப்பு இருக்கலாம். நான் சொல்லும் சிக்கல் இருக்க முடியாது. அதற்கு நினைவு வேண்டும்.

ராஜாஜியை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. 1950 வரை கவர்னர் ஜெனரல்; அதே வருஷம் நேருவின் மந்திரிசபையில் இலாகா இல்லாத மந்திரி; 1952-ல் சென்னையின் முதல்வர். அவர் படியிறங்கி வந்தார் என்பது பதவிகளின் பெயர்களை மட்டும் பார்ப்பவர்களின் கணக்கு. கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து காரியம் நடக்கும் இடத்துக்கு வந்தார் என்பதுதான் சரி. அது இறக்கம்போலத் தோன்றும் ஏற்றம். அவரை விட்டுவிடலாம்.

எனக்குக் கிடைத்த சுத்தமான உதாரணம் ரக்பி ஆட்டத்திலிருந்து வருகிறது. நம் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்திராத ஆட்டம். கபடியில் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். ரக்பியில் அவர் பார்வையாளர்களுக்கு மேலே, கண்ணாடி அடைத்த சிறு அறையில், தன் உதவியாளர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சி காமிரா அடிக்கடி அந்த வரிசையைக் காட்டும். அதில் முதல் ஆள் யார், இரண்டாவது ஆள் யார் என்பது முகங்களிலிருந்து தெரியாது.

நியூசிலாந்தில் ஆக்லண்ட் நகரத்தின் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் கிரஹாம் ஹென்றி. அந்த நகரத்தின் ப்ளூஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 1996, 1997 இரண்டு வருஷமும் பட்டம் வென்றார். 1998-ல் வேல்ஸ் நாட்டு அணிக்குத் தலைமையேற்கப் போனார். வேல்ஸ் தொடர்ந்து ஜெயித்தபோது அங்கிருந்த பத்திரிகைகள் அவரை மீட்பர் என்றே அழைத்தன. மீட்பர்களுக்கு நடப்பதுதான் நடந்தது: 2002 பிப்ரவரியில், அயர்லாந்திடம் 54–10 என்று தோற்ற பிறகு, விலகினார். ஊர் திரும்பியவருக்குத் தேசிய அணியின் கதவும் அப்போது சாத்தியிருந்தது. வேறு நாட்டுக்குப் பயிற்சி தந்தவரைச் சேர்ப்பதில்லை என்று அவர் போனதை ஒட்டியே ஒரு விதி செய்திருந்தார்கள், அதைப் பின்னால்தான் எடுத்தார்கள். 2003-ல் அவர் பழைய ப்ளூஸ் அணிக்கே வந்தார், பீட்டர் ஸ்லோன் என்ற தலைமைப் பயிற்சியாளரின் கீழ் உதவியாளராக. அந்த வருஷம் ப்ளூஸ் 21–17 என்ற கணக்கில் இறுதி ஆட்டத்தை வென்றது.

இங்கேதான் முதல் முள். அந்தப் பட்டம் யாருடையது? ஏடுகளின்படி ஸ்லோனுடையது. ஆனால் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹென்றி திரும்பி வந்த வருஷம் என்று பேசத் தொடங்கி, ஸ்லோனின் பெயரை இரண்டாவது வாக்கியத்தில் சேர்க்கிறார்கள். ஹென்றி ஒரு வார்த்தைகூட உரிமை கொண்டாடியிருக்க வேண்டியதில்லை. அவர் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்ததே போதும். திரும்பி வந்தவன் கையை நீட்டாமலே எடுத்துக்கொள்கிறான்; பக்கத்திலிருப்பவனின் வெற்றியில் ஒரு பங்கு தானாக அவன் கணக்கில் ஏறிவிடுகிறது. தோல்வி மட்டும் தலைவன் பெயரிலேயே நிற்கும். அடக்கத்தைப் பற்றி எத்தனை பேசினாலும் இந்த அநீதி குறையாது. அடக்கமாக இருக்கும் முதியவனின் மீது வெளிச்சம் இன்னும் அதிகமாக விழுகிறது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில், போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, சூப்பர் கிங்ஸ் அணியின் தலைமையைத் தோனி ஜடேஜாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதே அணியில், விக்கெட்டுக்குப் பின்னால், எல்லாவற்றையும் பார்க்க முடிகிற இடத்தில் நின்றார். எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி. ஏப்ரல் 30 அன்று ஜடேஜா தலைமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் தான் பார்த்துக்கொண்டதாகவும் பிறகு முடிவுகளை அவரிடமே விட்டதாகவும் தோனி பின்னால் சொன்னார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் விட்டுவிடுவது முதியவனின் கையில் மட்டும் இருக்கிறதா? அரங்கம் முழுக்க ஒருவரின் பெயரைக் கத்திக்கொண்டிருக்கும்போது, களத்தில் நிற்கும் மற்ற ஒன்பது பேரின் கண்கள் தானாக எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இளையவன் ஒவ்வொரு பந்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தவறு செய்யும் சுதந்திரம் அவனுக்கு இல்லை. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்திலேயே ஒரு சரியான விடை பேசாமல் நிற்கிறது.

அதே நகரத்தின் வெங்கடராகவன் 1974 டிசம்பரில் தில்லி டெஸ்டில் இந்தியாவின் தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளின் வேலை தண்ணீர் கொண்டுபோவது. மறுபடி 1979-ல் இங்கிலாந்தில் தலைவர். 1983-ல் மேற்கிந்தியத் தீவுகளில் கபில்தேவின் கீழ் பந்து வீசினார். இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகத்தான் சொல்லிவருகிறார்கள். கல்கத்தாவில் அந்த ஐந்து நாளில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எந்தத் தமிழ்க் கதைக்காரனும் எழுதிப் பார்க்கவில்லை என்பது நம் இலக்கியத்தைப் பற்றியும் எதையோ சொல்கிறது.

ஹென்றிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். 2003 கடைசியில் அவர் தேசிய அணியின், ஆல் பிளாக்ஸின், தலைமைக்கு வந்தார். உதவியாளர்களாக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் ஸ்டீவ் ஹேன்ஸன்: வேல்ஸில் ஹென்றிக்கு உதவியாகப் போய், அவர் விலகியதும் அங்கே தலைமையேற்றவர். இன்னொருவர் வேய்ன் ஸ்மித்: இதே ஆல் பிளாக்ஸுக்கு 2000, 2001-ல் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அந்தப் பொறுப்பில் 17 டெஸ்ட்களில் 12 வெற்றி. மோசமான கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது. 2001-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவிடம் கடைசி நிமிஷங்களில் தோற்ற பிறகு, இந்த வேலைக்குச் சரியான ஆள் தான்தானா என்ற சந்தேகத்தை ஸ்மித் மறைக்காமல் சொன்னார். சங்கம் உடனே பதவிக்கு விண்ணப்பம் கேட்டது. அவரும் விண்ணப்பித்தார், வேறொருவருக்குப் போனது.

இந்த மனிதரைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். சந்தேகத்தைச் சொன்னதற்காக முதல் நாற்காலியை இழந்தவர், மூன்று வருஷம் கழித்து இரண்டாவது நாற்காலிக்கு வந்தபோது அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது அதே சந்தேகம்தான்: இந்தத் திட்டம் சரியா, எதிரி வேறு மாதிரி வந்தால் என்ன, நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம். மனிதர் மாறவில்லை. முன்பு பலவீனம் எனப்பட்டது இப்போது திறமை எனப்பட்டது. ஒரு ஸ்தாபனம் தலைவனிடம் நிச்சயத்தை விலைக்கு வாங்குகிறது. அந்த நிச்சயத்தில் பாதி பொய் என்று அதற்கே தெரிவதால், பக்கத்தில் ஒரு சந்தேகியை அமர்த்திக்கொள்கிறது. இலக்கியத்தில் நாம் உள்பட யாரும் இதிலிருந்து தப்பவில்லை. தலையங்கத்தில் தயங்குகிற பத்திரிகையாசிரியனை நாம் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டோம்?

2007 உலகக் கோப்பையில் இந்த மூவர் வரிசை கார்டிஃப் நகரில் பிரான்ஸிடம் 20–18 என்று காலிறுதியிலேயே தோற்றது. அந்த வருஷத் தொடக்கத்தில் 22 ஆட்டக்காரர்களை சூப்பர் 14 போட்டியின் முதல் ஏழு சுற்றுகளில் ஆடவிடாமல் ஓய்வு கொடுத்துத் தயார் செய்த திட்டத்தைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். மூவரும் சேர்ந்தே மறுபடி பொறுப்பில் நின்றார்கள். 2011-ல் ஆக்லண்டின் ஈடன் பார்க்கில் அதே பிரான்ஸை 8–7 என்று வென்றார்கள். என் கவனம் கோப்பையில் இல்லை, நடுவில் இருந்த நான்கு வருஷத்தில் இருக்கிறது. அந்த வரிசையில் யாராவது ஒருவர் ஒரு நாள் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தைப் பற்றி யோசிக்கிறேன்: ‘நான் அப்போதே சொன்னேன்.’

தலைவன் ஒரு முடிவெடுக்கிறான். அது தவறு என்று உதவியாளன் நினைக்கிறான். இது எங்கும் நடப்பது. திரும்பி வந்தவனுக்கு மட்டும் ஒரு கூடுதல் பாரம் உண்டு: இதே நாற்காலியிலிருந்து இதற்கு நேர்மாறான முடிவை எடுத்து ஜெயித்த நினைவு. அவன் சொல்லிப் பார்க்கிறான். தலைவன் கேட்டுவிட்டு, தன் முடிவையே வைத்துக்கொள்கிறான். இனி என்ன? தான் நம்பாத ஒன்றுக்கு முழு பலத்தையும் கொடுத்தால் அவன் தன்னிடமே பொய் சொல்கிறான் என்று ஒரு கட்சி. அரை பலம் கொடுத்தால் முடிவு தோற்கும்; தோற்றதே அவன் சொன்னதற்கு நிரூபணமாகவும் ஆகிவிடும். இந்த இரண்டாவது வழியில் ஒரு துரோகம் இருக்கிறது, அதைச் செய்பவனுக்கே அது தெரியாது. அவன் எதையும் கெடுப்பதில்லை. கொஞ்சம் குறைவாக விழித்திருக்கிறான், அவ்வளவுதான். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பது பேச்சு எடுபடாமல் போன உதவியாளனுக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம். அந்தச் சம்பளத்தை வாங்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பே கையின் பலத்தைக் குறைக்கப் போதும்.

இந்த மலையின் அடிவாரத்தில், செங்கம், கலசபாக்கம், போளூர்ப் பக்கங்களில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. முதல் ஆட்களாக இருந்த ஐந்து பேர் ஒரு சின்ன அரண்மனையில் உதவியாளர்களாகிற கதைக்கு ஏன் மழை வர வேண்டும் என்று நான் பிரசங்கியார் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வரும் என்றார்.

அந்தப் பருவத்தில் என்னை உறுத்துவது ஒரு சிறு சம்பவம். பிருகன்னளையாக இருக்கும் அர்ஜுனன், பயந்து ஓடும் உத்தரகுமாரனைப் பிடித்து இழுத்து வந்து தேரோட்டியாக்கி, வில்லைத் தன் கையில் எடுத்துக் கௌரவ சேனையைத் துரத்துகிறான். ஜெயித்தது நீதான் என்று ஊரில் சொல்லிக்கொள் என்கிறான். சபையில் விராடன் மகனைப் புகழ்கிறான். கங்கன் என்ற பெயரில் ராஜாவோடு சூதாடிக்கொண்டிருக்கும் தருமனுக்குப் பொறுக்கவில்லை. பிருகன்னளை கூடப் போனால் ஜெயிக்காமல் என்ன செய்வான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். விராடன் கோபத்தில் காயை எடுத்து முகத்தில் எறிகிறான், ரத்தம் வருகிறது, அது தரையில் விழாமல் திரௌபதி பாத்திரத்தில் ஏந்துகிறாள். வில்லை எடுத்தவனே உரிமையைக் கைவிட்டுவிட்டான். தருமனால் முடியவில்லை, அதுவும் தனக்காக இல்லை, தம்பிக்காக. உண்மையைச் சொன்னான் என்று வாதாடலாம். எனக்குப் படுவது, அவனுக்கு ராஜ்யத்தைக்கூட இழக்க முடிந்தது, அந்த ஒரு வாக்கியத்தை இழக்க முடியவில்லை என்பது. இத்தனைக்கும் அஞ்ஞாதவாசம் ஒரு சௌகரியம். யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தால்தான் ஆபத்து. வேஷமில்லாமல், பழைய முகத்தோடும் பழைய பெயரோடும் விராடன் சபையில் உட்கார வேண்டியிருந்தால் பாண்டவர்கள் ஒரு மாதம் தாங்கியிருப்பார்களா? அர்ஜுனனையும் நான் முழுக்க மெச்ச மாட்டேன். உத்தரனுக்கு வெற்றியைக் கொடுத்தான், போரைக் கொடுக்கவில்லை.

சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். ஆறு வருஷம் ஒரு பத்திரிகை நடத்தினேன். பெயர் இங்கே தேவையில்லை. பிறகு இன்னொருவரிடம் ஒப்படைத்தேன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். மூன்று வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அதே பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பக்கங்கள் கைபேசிக்கு வருகின்றன. மலையில் எங்கள் தெருவில் சிக்னல் நிற்காததால் மேட்டுக்கு நடந்துபோய் இறக்கிக்கொண்டு வருவேன். சென்ற இதழில் ஒரு கவிதை. நான் ஆசிரியனாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். காரணங்களை ஒரு முறை எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டு, போடுகிறேன் என்றார்.

காவடி முடிந்த மறுநாள், படிகளில் தொலைந்துபோன வேலைத் தேடிப் போகிற ஒரு சிறுவனைப் பற்றிய கவிதை. பக்கம் வந்தபோது ‘வேலைத் தேடி’ என்பதில் ஒற்று விழுந்திருந்தது. ‘வேலை தேடி’ என்று நின்றது. சிறுவன் முருகனின் வேலைத் தேடவில்லை, வேலை தேடினான். வேலையில்லாத இளைஞனைப் பற்றிய ஆயிரத்தோராவது புதுக்கவிதையாக, நான் சொன்னதைவிடவும் மோசமானதாக, அது ஆகியிருந்தது. அந்த ஒரு ‘த்’ இல்லாமல் அச்சேறியிருந்தால் என் அபிப்பிராயத்தை இந்த வட்டம் முழுவதும் தானாக வந்தடைந்திருக்கும். ஒற்றைப் போட்டு அனுப்பினேன். போடுவதற்கு முன், மேட்டில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் எல்லை உண்டு. இன்னொருவர் எழுதியதைத் திருடிப் போட்டாலோ, ஒருவரைப் பற்றிப் பொய்யான பழியை அச்சேற்றினாலோ, மெய்ப்புப் பார்க்கிறவனும் குற்றவாளிதான். அங்கே எழுந்து போவதே தர்மம். ஆட்டத்தில் முன்னால் யாரை நிறுத்துவது என்பது அப்படிப்பட்ட விஷயமல்ல. கவிதை எந்தப் பக்கம் சேரும்? நம் வட்டத்தில் ரசனையே தர்மம் என்று பேசிப் பழகிவிட்டோம். மோசமான கவிதையைப் பிரசுரிப்பது கிட்டத்தட்டக் கொலை. நானும் அப்படி எழுதியவன், இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் கவிதையை நான் தோற்கடிக்க வேண்டிய இடம் விமர்சனம், பெயர் போட்டு எழுதுவது. ஒற்றெழுத்து விழுந்த இடத்தில் மௌனமாக இருப்பது விமர்சனம் ஆகாது.

2022-ல் நியூசிலாந்தின் பெண்கள் அணியான பிளாக் ஃபெர்ன்ஸை எடுத்து நடத்த வேய்ன் ஸ்மித்தை அழைத்தார்கள். முந்தைய வருஷக் கடைசியில் அந்த அணி இங்கிலாந்திடமும் பிரான்ஸிடமுமாக நான்கு டெஸ்ட்களையும் தோற்றிருந்தது. ஸ்மித்துக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் கிரஹாம் ஹென்றி. எட்டு வருஷம் தனக்கு உதவியாளராக இருந்தவரின் கீழ், உலகக் கோப்பை வென்ற தலைவர். நவம்பரில் ஈடன் பார்க்கில் இங்கிலாந்தை 34–31 என்று வென்றார்கள். ஹென்றி என்ன செய்தார், எந்த இடத்தில் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் வெளியே வருகிற விஷயமல்ல. வந்தால் அது நடக்கவில்லை என்று பொருள்.

அதனால் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். போளூர்ப் பக்கத்தில் ஒரு ஜமா, பதினெட்டாம் போர். பல வருஷம் துரியோதனன் கட்டிய பெரியவர் இப்போது பெஞ்சுக்குப் பக்கத்தில், ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் நடுவில், பின்பாட்டுக்கு நின்றார். துரியோதனன் கட்டியவன் இளைஞன். திரை விலகி, கிறுகிறுவென்று சுற்றி வந்து, தருவில் மூன்றாவது அடிக்கு வந்தபோது அவனுக்குப் பாட்டு மறந்துவிட்டது. பெரியவருக்கு அந்த அடி தூக்கத்திலும் வரும். அவர் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. முந்தைய அடியை, பின்பாட்டுக்காரன் ஒரு முறை வாங்கிப் பாட வேண்டியதை, இரண்டாவது முறையும் பாடினார். கொஞ்சம் இழுத்து. மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கூடவே போனார். மூன்றாவது முறை முடிவதற்குள் இளைஞனுக்கு அடி வந்துவிட்டது, பாய்ந்து எடுத்தான். சபையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து அவன் மார்பில் நோட்டுக் குத்தினார். கட்டியக்காரன் அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்தினான். பெரியவர் அதற்குள் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.